பப்ஸ் சுமார், டீ அருமை, கல்லா அதைவிட அருமை: கருமத்தம்பட்டி பக்கம் ஒரு பேக்கரி

நம்ம பக்கத்து பேக்கரிகளைப் பற்றி வெளியூர் ஆட்களுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டிய விஷயம், இங்கே பில் கிடையாது. டோக்கனும் கிடையாது. உள்ளே போகிறீர்கள், மாஸ்டரிடம் ஒரு டீ சொல்கிறீர்கள், கண்ணாடி அலமாரியைக் காட்டி பப்ஸ் கேட்டால் கிழித்த பேப்பரில் வைத்துக் கொடுப்பார்கள், ஜாடியில் இருக்கும் தேங்காய் பிஸ்கட்டை நீங்களே கைவிட்டு எடுத்துக்கொள்ளலாம், நின்றபடியே கதை பேசிச் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கடைசியில் கல்லாவுக்குப் போய் என்னென்ன சாப்பிட்டோம் என்று நீங்களேதான் சொல்ல வேண்டும். "ரெண்டு டீ, ஒரு முட்டை பப்ஸ், பிஸ்கட் மூணு." அவர்கள் மனக்கணக்காகக் கூட்டிச் சொல்வார்கள், கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். நாலு தின்றுவிட்டு மூன்று என்றால் கேட்பதற்கு ஆள் இல்லை. சென்னையிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, இவர்கள் எப்படிக் கடை நடத்துகிறார்கள் என்று நிஜமாகவே கவலைப்பட்டார்.

நான் சொல்லப்போகும் பேக்கரி சேலம் - கொச்சி நெடுஞ்சாலையில், கருமத்தம்பட்டிக்கும் தெக்கலூருக்கும் நடுவில், சர்வீஸ் ரோட்டை ஒட்டி இருக்கிறது. பெயர் போடவில்லை. குறையும் நிறையச் சொல்லப்போகிறேன், அதோடு இந்த ரோட்டில் இதே மாதிரிக் கடைகள் ஏகப்பட்டது இருப்பதால் பாதி விஷயம் அவற்றுக்கும் பொருந்தும். சோமனூர் பக்கத்துத் தறிக்காரர்கள், மில் ஷிப்ட் முடித்து வருபவர்கள், திருப்பூர் பனியன் கம்பெனி வேன் டிரைவர்கள், காலேஜ் பையன்கள், லாரிக்காரர்கள் என்று நாள் முழுக்கக் கூட்டம் மாறிக்கொண்டே இருக்கும். கல்லாவில் உட்கார்ந்திருப்பது கடைக்காரரின் மனைவி. எல்லோருக்கும் அக்கா. அவரைவிடப் பெரியவர்களுக்கும் அக்காதான்.

சாப்பாட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். டீ அருமை. பால் திக்காக இருக்கும், டிகாஷனைக் காய்ச்சிக் காய்ச்சிக் கசக்க விடுவதில்லை, சர்க்கரை கம்மி என்று ஒரு தடவை சொன்னால் மாஸ்டர் அடுத்த தடவையும் ஞாபகம் வைத்திருக்கிறார். முட்டை பப்ஸ் சாயங்காலம் நாலு மணிக்கு அடுப்பிலிருந்து வரும்போது சாப்பிட்டால் நன்றாக இருக்கும், காலையில் கிடைப்பது முந்தின நாள் மிச்சமோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு மேலேயும் கீழேயும் சவசவ என்று இருக்கிறது. காளான் பப்ஸில் காளானைத் தேட வேண்டும். தேங்காய் பன் கண்டிப்பாக வாங்கலாம், வெண்ணெயில் வறுத்த தேங்காயும் செர்ரித் துண்டும் உள்ளே கஞ்சத்தனம் இல்லாமல் இருக்கும். தில் பசந்த் வேண்டாம், மரத்தூளைத் தின்ற மாதிரி தொண்டையில் நிற்கிறது. அவ்வளவுதான்.

இனி கல்லா. நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

முன்பெல்லாம் இந்தக் கடையில் பிஸ்கட் ஜாடிகளுக்கு மேலே ஒரு போர்டு தொங்கும். சிவப்பு எழுத்தில், "சாப்பிட்டதைக் குறைத்துச் சொல்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நீங்கள் கேமராவில் கண்காணிக்கப்படுகிறீர்கள்." அந்தக் காலத்தில் கல்லா உள்ளே மூலையில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்தது. அங்கே போய் என்ன சொன்னாலும் சொல்கிறவருக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் கேட்கும். அப்போது ஒரு நாள் பையன்கள் நாலைந்து பேர் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, இப்போதைய வழக்கப்படி அவனவன் பங்கை அவனவன் ஜிபேயில் போட வரிசையாகப் போனார்கள். முதலில் போனவன் திரும்பி வரும்போது ஒரு சிரிப்புச் சிரித்தான். பப்ஸைக் கணக்கில் விட்டுவிட்டான் என்று மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. அடுத்தவன் போர்டைப் பார்த்தான், இவனைப் பார்த்தான், போய்விட்டு வந்தான், அதே சிரிப்பு. மூன்றாவது ஆள் முகத்தைப் பார்த்தால் இந்த மாதிரி வேலைக்கெல்லாம் போகாதவன் என்று எழுதி ஒட்டியிருந்தது, ஆனால் அவனும் வெறும் டீக்கு மட்டும் கொடுத்துவிட்டு வந்தான். அவர்களுக்குக் காசு இல்லாமல் இல்லை, எல்லாம் ஒன்றரை லட்சத்துக்கு மேலே போகிற வண்டிகள். முன்னால் போனவன் செய்தான், ஒன்றும் ஆகவில்லை, செய்யாவிட்டால் நாம்தான் ஏமாளி, விஷயம் அவ்வளவுதான்.

இப்போது அந்த போர்டு இல்லை. கல்லாவையும் முன்னால் கொண்டுவந்து டீ மேடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். ஒரு மத்தியானம் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, போர்டு எங்கே போச்சு என்று கேட்டேன்.

"அதையேனுங் கேக்கறீங்க, எடுத்துக் கடாசிப்போட்டேன். அது இருக்கறப்பத்தான் கணக்கு ரொம்ப இடிச்சுதுங்."

அவருக்குக் கணக்கு எப்படித் தெரியும் என்றால், பப்ஸ் தட்டுத் தட்டாக எண்ணித்தான் அடுப்பிலிருந்து வருகிறது. ராத்திரி மிச்சத்தை எண்ணி, வந்த காசோடு ஒத்துப் பார்த்தால் எத்தனை காணாமல் போனது என்று தெரிந்துவிடும். பிஸ்கட்டைத்தான் எண்ண முடியாது, அது போனால் போகிறது என்று விட்டுவிடுகிறார்.

"குறைச்சுச் சொல்றவிங்க அதிகமாயிட்டாங்கன்னு நாமளே எழுதி மாட்டி வெச்சா, அட, எல்லாருந்தான் பண்றாங்களாட்ட இருக்குதுன்னு நல்லவனுக்கும் தோணிப்போகுதுங்" என்றார்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் கல்லாக இறுகிப்போன மரத் துண்டுகள் கிடக்கும் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவது அங்கே தீராத தொல்லை. ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் பேராசிரியரும் அவர் கூட்டாளிகளும், பாதையோரம் அடையாளம் போட்ட துண்டுகளை வைத்துவிட்டு இரண்டு விதமான போர்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். "இதற்கு முன் வந்தவர்கள் பலர் எடுத்துப்போய்விட்டார்கள், அதனால் காடே மாறிப்போனது" என்ற மாதிரி எழுதியபோது சுமார் 8 சதவீதத் துண்டுகள் காணாமல் போயின. "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்று மட்டும் எழுதியபோது 2 சதவீதம்கூடப் போகவில்லை. வருத்தப்பட்டுப் புலம்புகிற போர்டு, திருட்டைத் தடுப்பதற்குப் பதில் ஊரே இதைத்தான் செய்கிறது என்று விளம்பரம் செய்துவிடுகிறது. அக்கா எதையும் படித்துவிட்டுச் செய்யவில்லை, ராத்திரி பப்ஸ் எண்ணியே அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

கல்லா முன்னால் வந்ததில் இன்னொரு சங்கதி நடந்திருக்கிறது. டீ குடிக்கிற எல்லோருக்கும், காசு கொடுக்கிறவர் என்ன சொல்கிறார் என்று காதில் விழுகிறது. பக்கத்திலேயே சவுண்ட் பாக்ஸ் வேறு, "ஐம்பத்தைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தும். அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. யாராவது கிளம்பிப் போய்விட்டுத் திரும்பி வந்து, ஒரு பிஸ்கட் சொல்ல மறந்துட்டனுங்க என்றால், "சேரிங், பிஸ்கட் ஒண்ணு சேத்திக்கறேன்" என்று வேண்டுமென்றே சத்தமாகச் சொல்வார். ஆனால் எவராவது குறைத்துச் சொல்கிறார் என்று தெரிந்தால் கூட்டத்துக்கு முன்னால் வாயே திறப்பதில்லை. அடுத்த தடவை அந்த ஆள் வரும்போது, பப்ஸ் கொடுக்கும் பையன் அவர் பக்கத்திலேயே நின்று, "ஒரு முட்டை பப்ஸுங்களா, ஒரு டீங்களா" என்று மரியாதையாக எண்ணிக்கொண்டே இருப்பான். ஏன் அப்போதே கேட்கக்கூடாது என்றதற்கு அவர் சொன்னது: "எல்லாத்துக்கும் முன்னால வெச்சுக் கேட்டா, இங்க இப்படியும் பண்ணலாம்னு பத்துப் பேருக்கு நானே சொல்லிக் குடுத்தாப்பல ஆயிருமுங்."

சமீபத்தில் பார்த்தது. மறுபடியும் காலேஜ் பையன்கள் கூட்டம்தான், வேறு பையன்கள். முன்னால் நின்றவன், "அக்கா, ஒரு டீ, ஒரு பப்ஸ், பிஸ்கட் நாலு, இல்லல்ல அஞ்சு" என்று திருத்திச் சொன்னான். பின்னால் நின்ற இருவர் உடனே விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். கடைசியில் நின்றவன் பக்கத்தில் இருந்தவனை இடித்து, "டேய், நான் எத்தன எடுத்தேன், பாத்தியா?" என்று கேட்டான். பீகார், ஒடிசாவிலிருந்து வந்து தறியில் வேலை செய்யும் பையன்களோ தமிழ் சரியாக வராததால் பப்ஸ் சுற்றிக் கொடுத்த பேப்பரைப் போடாமல் கையிலேயே மடித்து வைத்திருந்து, கல்லாவில் எடுத்துக் காட்டி எண்ணிக் கொடுக்கிறார்கள். அவர்களைப் பற்றி நம் ஆட்கள் டீக்கடையில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டவர்கள் இந்தக் காட்சியை ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும்.

சரி, எல்லாம் போர்டை எடுத்ததால்தானா என்றால், அடித்துச் சொல்ல மாட்டேன். அதே சமயத்தில் பப்ஸ் எடுத்துக் கொடுக்கும் பையனையும் மாற்றினார்கள், பழைய பையன் நண்பர்களுக்கு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தானோ என்னவோ. கல்லா பக்கத்தில் இருந்தால் வெட்கப்பட்டாவது ஒழுங்காகச் சொல்வார்கள் என்பதும் உண்டு. ஆனால் ராத்திரிக் கணக்கு இப்போது அநேகமாகச் சரியாக வருகிறது என்கிறார், முகத்தைப் பார்த்தாலும் அப்படித்தான் தெரிகிறது.

இத்தனை நுணுக்கமாகக் கல்லாவைக் கவனிக்கிற கடை, படியிறங்கினால் வேறு உலகமாக இருக்கிறது. குப்பை போட நீல டிரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். காலையில் அந்த இடம் பெருக்கித் தண்ணீர் தெளித்துச் சுத்தமாக இருக்கும், அப்போது வருபவர்கள் நாலு எட்டு நடந்து போய் டிரம்மில்தான் போடுகிறார்கள். பத்து மணி வாக்கில் டிரம் நிரம்பும். யாரோ ஒருவர் பேப்பர் கப்பைப் பக்கத்து மதில் மேல் வைத்துவிட்டுப் போவார். அடுத்தவர் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் மதில் மேல் வரிசையாகக் கப், சிலதில் மிச்ச டீ, அதில் ஈ. காற்றடித்து நாலு கப் கீழே விழுந்துவிட்டால் முடிந்தது, அதற்கப்புறம் மதிலுக்குக்கூட யாரும் மெனக்கெடுவதில்லை, நின்ற இடத்திலேயே கையை விடுகிறார்கள். டிரம்மை மத்தியானம் ஒரு தடவை காலி செய்தால் இதில் பாதி நடக்காது. சொல்லிப் பார்த்தாயிற்று, ஆள் இல்லை என்கிறார்கள்.

அந்த கப்பே ஒரு கூத்து. உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களில் அதுவும் ஒன்று. இந்தக் கடையில் கண்ணாடி டம்ளர் அடுக்கடுக்காக இருக்கிறது, கழுவ ஆளும் குழாயும் இருக்கிறது, ஆனால் கூட்ட நேரத்தில் கேட்காமலே கப்பில் ஊற்றி நீட்டிவிடுகிறார்கள். அக்காவிடம் இதைச் சொன்னால், "எல்லாக் கடையிலயும் அதுதானுங் குடுக்கறாங்க, நாங் குடுக்காட்டி அங்க போயிருவாங்க" என்கிறார். போர்டு விஷயத்தில் ஊர் மனசைப் புட்டுப் புட்டு வைத்தவர், இங்கே பக்கத்துக் கடையைப் பார்த்துப் பப்ஸைக் கணக்கில் விடும் மூன்றாவது பையனாகத்தான் நிற்கிறார். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு கடைக்காரருக்கு உள்ள பயம் புரிகிறது. ஆனாலும் குறை குறைதான்.

கடைக்குப் பின்பக்கச் சுவர் கதை எல்லா ஊரிலும் உள்ளதுதான். கழிப்பறை என்று ஒன்று இருக்கிறது, கதவைத் திறந்தாலே திரும்பி வந்துவிடுவீர்கள், அதனால் ஆண்கள் எல்லாம் சுவரைத் தேடிப் போகிறார்கள். "இங்கே சிறுநீர் கழிக்காதீர்" என்ற எழுத்துக்கு நேர் கீழேதான் ஈரம். அப்புறம் வழக்கமான வைத்தியமாகப் பிள்ளையார், இயேசு, மெக்கா என்று மூன்று மதத்துக்கும் டைல்ஸ் பதித்தார்கள். டைல்ஸ் இருக்கிற பத்தடி சுத்தம், பதினோராவது அடியில் பழைய கதை. 2006-இல் இங்கிலாந்தின் நியூகாஸில் பல்கலைக்கழகத்தில், டீ காபிக்கு அவரவரே உண்டியலில் காசு போடும் அறையில், விலைப்பட்டியலுக்கு மேல் ஒரு வாரம் பூப்படம், ஒரு வாரம் மனிதக் கண்கள் என்று மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். கண் படம் இருந்த வாரங்களில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு காசு விழுந்ததாம். பின்னால் மற்றவர்கள் இதே மாதிரி செய்து பார்த்தபோது எல்லா இடத்திலும் இப்படி வரவில்லை. நம் பிள்ளையாரும் பத்தடிக்குத்தான் தாங்குகிறார், அவரையும் குறை சொல்வதற்கில்லை.

இந்தக் கடைக்குப் போகிறவர்களுக்கு உயிர் போகிற பிரச்சனை ஒன்று இருக்கிறது, அது வண்டி. கடையிலிருந்து அவிநாசிப் பக்கம் போக வேண்டுமென்றால் சர்வீஸ் ரோட்டில் முறைப்படி போய், பாலத்துக்குக் கீழே திரும்பி, எதிர்ப்புறம் ஏறி வர வேண்டும். அது சுற்று. ராங் சைடில் போனால் கொஞ்ச தூரத்தில் இடைவெளி வந்துவிடும். "எதிர்த்திசையில் செல்லாதீர்" என்று போர்டு பெரிதாகவே இருக்கிறது. நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கவனித்த வரையில், ரோடு காலியாக இருக்கும்போது கிளம்புகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கிறார்கள், சிலர் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டு போகவும் செய்கிறார்கள். ஆனால் யாராவது ஒருவர் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ராங் சைடில் இறங்கிவிட்டால், அவர் பின்னாலேயே ஊர்வலம். குழந்தையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போகிறவர்களும் அதில் உண்டு.

நெதர்லாந்தில் குரோனிங்கன் என்ற ஊரில் இதே கதையைச் சோதனையாகவே செய்திருக்கிறார்கள், 2008-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. கார் நிறுத்துமிடத்தின் வழக்கமான வாசலை வேலி போட்டு அடைத்து, ஆள் நுழைகிற அளவு சந்து மட்டும் விட்டு, "இதன் வழியே வராதீர், 200 மீட்டர் சுற்றிப் போங்கள்" என்று ஒரு போர்டு, "வேலியில் சைக்கிளைப் பூட்டாதீர்" என்று இன்னொரு போர்டு. சைக்கிள்கள் வேலியிலிருந்து தள்ளி ஒழுங்காக நின்றபோது சந்தில் நுழைந்தவர்கள் 27 சதவீதம். சைக்கிள்களை வேலியிலேயே பூட்டி வைத்தபோது 82 சதவீதம். மீறப்பட்டது சைக்கிள் போர்டு, உடைந்தது சந்து போர்டு. அதே ஆய்வில், 5 யூரோ நோட்டு வெளியே தெரியும் கடித உறையைத் தபால் பெட்டியில் பாதி செருகி வைத்துப் பார்த்தார்கள். பெட்டி சுத்தமாக இருந்தபோது எடுத்துக்கொண்டு போனவர்கள் 13 சதவீதம், பெட்டியில் கிறுக்கியிருந்தபோது 27. கிறுக்கலுக்கும் காசுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் கை நீண்டிருக்கிறது. நம் கடை வாசலில் "நோ பார்க்கிங்" பலகையின் காலிலேயே வண்டியைச் சாய்த்து நிறுத்தியிருப்பார்கள். அதைத் தாண்டித்தான் எல்லோரும் ரோட்டுக்கு இறங்குகிறார்கள்.

ஒருவர், ஐம்பது வயது இருக்கும், வெள்ளை வேட்டி, டிவிஎஸ் எக்ஸெல்லில் பால் கேன் கட்டியிருந்தார். கல்லாவில் காசு கொடுத்துவிட்டு வண்டி வரைக்கும் போனவர், திரும்ப வந்து, "அம்மணி, பன்னு ஒண்ணு பையனுக்குக் கட்டி வாங்குனேன், சொல்லாம உட்டுட்டேன் பாரு" என்று கூட ஒரு நோட்டை வைத்தார். அக்கா வழக்கம்போலச் சத்தமாக வாங்கி வைத்தார். மனிதர் போய் வண்டியை எடுத்தார், முன்னால் ராங் சைடில் போன ஒரு பல்சரைப் பார்த்தார், அதே பக்கம் திருப்பினார், எதிரே வந்த டேங்கர் லாரி ஹாரன் அடிக்க அடிக்க ஓரமாக ஒதுங்கிப் போனார். முப்பது ரூபாய்க்குத் திரும்பி வந்த ஆள். அவர் கெட்டவரும் இல்லை, நடிக்கவும் இல்லை. உள்ளே அவர் முன்னால் நின்றவர்கள் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், வெளியே முன்னால் போனவன் எதிரில் போனான். எனக்கு இதற்கு மேல் விளக்கம் தெரியவில்லை, தேடவும் தோன்றவில்லை.

கடைக்காரர் மனசு வைத்தால் வாசலில் ஒரு சங்கிலி கட்டி, அவிநாசிப் பக்கம் இறங்கும் வழியை அடைத்துவிடலாம், வண்டிகளை எல்லாம் சரியான பக்கம் மட்டும் வெளியே விடலாம். சொந்த இடம்தான், யாரையும் கேட்க வேண்டியதில்லை. கப் விஷயத்திலும், கேட்காதவர்களுக்கெல்லாம் கண்ணாடி டம்ளர் என்று வைத்துவிட்டு, கேட்பவர்களுக்கு மட்டும் வேறு ஏற்பாடு பார்க்கலாம். முதல் பத்துப் பேர் டம்ளரில் குடித்துக்கொண்டு நின்றால் பதினோராவது ஆள் டம்ளரைத்தான் நீட்டச் சொல்வார். இரண்டையும் அக்காவிடம் சொன்னேன். "பாக்கலாமுங்" என்றார். கொங்குநாட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

போவதாக இருந்தால் சாயங்காலம் நாலிலிருந்து ஐந்துக்குள் போங்கள், பப்ஸ் சூடாக இருக்கும், மில் ஷிப்ட் கூட்டம் வருவதற்குள் நிற்க இடமும் கிடைக்கும். கோவையிலிருந்து வருபவர்களுக்கு எதிர்ச் சாரி, பாலத்துக்குக் கீழே திரும்பி வாருங்கள். கிளாஸில் டீ வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குடும்பத்தோடு நீண்ட தூரம் போகிறவர்கள் கழிப்பறைக்காக இங்கே நிறுத்த வேண்டாம், தள்ளிப்போய் ஏதாவது பெட்ரோல் பங்க்கில் பார்த்துக்கொள்ளுங்கள். மார்க் போடச் சொன்னால் டீக்கு 5-க்கு நாலரை, தேங்காய் பன்னுக்கு 4, பப்ஸுக்கு நேரத்தைப் பொறுத்து 2 அல்லது 4, கல்லாவுக்கு முழுசாக 5, வாசலுக்கு 1.